தேன்சிட்டைப் படம் எடுத்தேன்

இந்தப் போட்டோ பைத்தியம் உங்களுக்கு எப்படிப் பிடித்தது என்று யாராவது கேட்டால், "சும்மா, பொழுது போகாமல்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். பொழுது போகாமல் பிடித்தது என்பது உண்மைதான். ஏன் போகவில்லை என்று சொல்லத் தொடங்கினால், எதற்கு இந்த ஆளிடம் வாயைக் கொடுத்தோம் என்று கேட்டவர் நொந்துகொள்வார். அதனால் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதித் தொலைக்கிறேன்.

கேமராவை நான் பறவைக்காக வாங்கவில்லை. குழந்தைக்காக வாங்கினேன். எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தெட்டு வயது. மயிலாப்பூரில், மண்டைவெளியை ஒட்டி ஒரு பழைய வீட்டின் பின்பாதியில் அம்மாவும் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். அவள் தலைப்பிரசவத்துக்குத் தியாகராய நகரில் அவள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். ஆபீஸில் எனக்கு எதிர்மேஜைக்காரர் தன் பழைய கேமராவை விற்கப்போவதாகச் சொன்னார். முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் சின்னக் கண்ணாடியில் எதிரே இருப்பது தெரியும், ஆனால் இடம் வலமாக மாறித் தெரியும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். பிறக்கப்போகும் குழந்தையை மாதம் ஒரு படமாக ஒரு வருஷம் எடுத்து ஆல்பத்தில் ஒட்டுவது என்று திட்டம். இதை மனைவியிடம் சொன்னபோது, "பன்னெண்டு போறாது, அதிகமா வாங்குங்கோ" என்றாள்.

பையன் பிறந்தான். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினேன். என் அம்மாவும் அவள் அம்மாவும் ஒரே குரலில் தடுத்தார்கள். "பச்சைக் குழந்தையைப் படம் பிடிச்சா ஆயுசுக்கு ஆகாது. பதினோராம் நாள் பேர் வைக்கட்டும், அப்புறம் எத்தனை வேணுமோ எடுத்துக்கோ." சரி, பத்து நாள்தானே என்று மூடியைச் சாத்திவிட்டேன். எட்டாம் நாள் குழந்தைக்கு ஜுரம் கண்டது. ஒன்பதாம் நாள் காலையில் போய்விட்டான்.

இரண்டரை மாதம் கழித்து அவள் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்தவள் பேசவில்லை. கோபம் இல்லை, அழுகை இல்லை. சாதம் போடட்டுமா, மோர் விடட்டுமா, இந்த இரண்டும்தான் அவளிடமிருந்து வரும். மற்றபடி நாமாகக் கேட்டால் பதில். சாப்பாட்டைக் கையால் அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். என் அம்மா வாய் ஓயாதவள், அவளே இவளைப் பார்த்து அடங்கிப்போனாள். ஆபீஸ் நாட்களை எப்படியோ ஓட்டிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைதான் கொடுமை. அந்த இரண்டு அறைக்குள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மாலைவரை உட்கார எனக்குத் தெம்பில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கே என்று சொல்லாமல் கேமராவை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். உள்ளே போட்ட ரோல் போட்டபடியே இருந்தது. ஒரு படம் கூட எடுக்காத ரோல். அடையாறு பாலத்தைத் தாண்டி ஊரூர்க் குப்பம் வழியாக ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போனேன். போனால் சேற்றுத் திட்டு முழுக்கப் பறவை. கொக்கு, நாரை, ஆலா, பெயர் தெரியாத நெட்டைக்கால் குருவிகள். எனக்கு அதுவரை காக்காயும் புறாவும் தவிர எதுவும் தெரியாது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிறகு மேல்மூடியைத் திறந்து குனிந்தேன். குழந்தைக்காக வைத்திருந்த பன்னிரண்டையும் அரை மணி நேரத்தில் கொக்குக்குச் செலவழித்தேன்.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "இன்னா சாரே, கொக்கப் போய் போட்டோ புட்ச்சிக்கினு கீற. அதுக்கு இன்னா பொண்ணு பாக்கறாங்களா?"

சிரித்துவிட்டேன். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு அதுதான். அது எனக்கு இனித்தது, வெட்கமாகவும் இருந்தது.

மண்டைவெளியில் ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. அங்கேதான் கழுவக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் வியாசர்பாடியிலிருந்து வந்தவர், மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். படங்களை மேஜையில் பரப்பினார். "சார், பன்னெண்டுலயும் வானந்தான் கீது. மூலையில ஒரு புள்ளி கீது. அது இன்னா, அழுக்கா?"

"கொக்கு," என்றேன்.

"கொக்கா. சர்தான்," என்று உறையில் போட்டுக் கொடுத்தார்.

அந்தப் புள்ளிதான் என்னைப் பிடித்தது. அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன் பார் என்று ஒரு வீம்பு. வாராவாரம் போனேன். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும், பறவையைத் துரத்தக் கூடாது, சேற்றில் உட்கார்ந்து அதுவாக வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிவதால், பறவை ஒரு பக்கம் நடந்தால் நான் கேமராவை மறுபக்கம் திருப்பி அசடு வழிவேன். அந்த இரண்டு மணி நேரம் வேறு எதுவும் மண்டையில் ஏறாது. வீட்டில் ஒருத்தி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது கூட ஏறாது. இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. ஆனால் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

ஒரு நாள் பத்து மணி வாக்கில் திரும்பி வந்தேன். கொல்லைக் கதவுப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். விரலை உதட்டில் வைத்தாள்.

"சைக்கிளை அங்கேயே வெச்சுட்டு மெதுவா வாங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாதம், மோர் தவிர அவளாக வாயைத் திறந்து சொன்ன முதல் வாக்கியம் அது.

"என்ன?"

"மாதுளையில ஒரு குருவி கூடு கட்டிண்டிருக்கு."

எங்கள் கொல்லையில் கிணறு, துவைக்கிற கல், தகரக் கதவு போட்ட குளியலறை, அதை ஒட்டி ஒரு மாதுளஞ்செடி. அதன் தாழ்ந்த கிளையில் ஒரு தேன்சிட்டு, நம் கட்டைவிரல் அளவுதான் இருக்கும், நாரும் சிலந்தி வலையும் காகிதத் துணுக்குமாகச் சேர்த்து ஒரு சின்னப் பையைத் தொங்கவிட்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு வாசல். பெண் சிட்டுதான் கட்டியது. பளபளவென்று மினுக்கிக்கொண்டிருந்த ஆண் சிட்டு பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து சத்தம் போட்டதோடு சரி.

"தலகாணியிலேருந்து பஞ்சு பிச்சுக் கல்லுமேல வெச்சேன்னா. எடுத்துண்டு போயிடுத்து," என்றாள். முகம் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு வீடே அந்தக் கூட்டைச் சுற்றித்தான் நடந்தது. துணி உலர்த்தும் கொடியை அவிழ்த்து வேறு பக்கம் கட்டினாள். கிணற்றில் வாளியைச் சத்தமில்லாமல் இறக்கினாள். முக்கியமாக, காக்காய்ச் சாதம். எங்கள் வீட்டில் சமையல் ஆனதும் முதல் பிடி சாதம் கொல்லை மதில்மேல் காக்காய்க்குப் போகும். போய்ச் சேர்ந்த பெரியவர்கள் அந்த உருவில் வந்து சாப்பிடுவதாக ஐதீகம். அது தொட்ட பிறகுதான் எங்களுக்கு இலை. மதில் பக்கம் காக்காய் வந்தால் கூட்டைப் பார்த்துவிடும் என்று சாதத்தை மொட்டைமாடிக்கு மாற்றினாள். தினமும் ஒரு பிடி சாதத்தை எடுத்துக்கொண்டு இருபது படி ஏறி, தெருப் பக்கக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வருவாள். அம்மா முதலில் முணுமுணுத்தாள். பிறகு என்னிடம் தனியாக, "போகட்டும்டா. ரெண்டு வேளையும் நன்னா சாப்பிடறாளே, அது போறும்" என்றாள்.

உண்மைதான். சாப்பிட்டாள். சாயங்காலம் நான் வந்ததும் அன்றைய சேதி சொன்னாள். இரண்டு முட்டை. அடைகாக்கிறது. இன்று மத்தியானம் வெயிலில் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது, பாவம். ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றவில்லை, கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு குஞ்சும் பொரிந்திருந்தன. வாசலில் இரண்டு மஞ்சள் வாய் மட்டும் தெரிந்தது. அன்று ராத்திரி விளக்கை அணைத்தபிறகு சொன்னாள். "இதுகள் ரெண்டும் பறந்து போறதைப் பார்த்துட்டேன்னா எனக்குத் தேவலையாயிடும்னு தோணறதுன்னா."

நான் "ஆகும்" என்றேன். கடவுளே, இந்த இரண்டையும் காப்பாற்றிவிடு என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டவனும் நான்தான்.

கேமராவை எடுத்தவனும் நான்தான். இவ்வளவு கிட்டத்தில் பறவை இருக்கும்போது கை சும்மா இருக்குமா? குளியலறை ஜன்னலிலிருந்து கூடு நாலடி தூரம். ஜன்னலில் ஒரு கோணியைத் தொங்கவிட்டு, நடுவில் ஓட்டை போட்டு, உள்ளே ஸ்டூலில் கேமராவை வைத்தால் சிட்டுக்கு நான் இருப்பதே தெரியாது. ஒரே இடைஞ்சல், கூட்டுக்கு மேலே இருந்த தழைத்த கிளை. அது கூட்டை இலைக்குள் மறைத்தது. படத்தில் ஒரே இருட்டாக விழுந்தது. அந்தக் கிளையைக் கயிறு போட்டு இழுத்துக் கிணற்றுத் தூணில் கட்டினால் கூட்டின்மேல் வெயில் விழும்.

"வேண்டாம்," என்றாள். "அது மறைவுன்னுதான் அங்க கட்டியிருக்கு."

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "அடையாறு வரைக்கும் போய் சேத்துல உக்காந்துண்டிருக்கேன். ஆத்துக் கொல்லையில இருக்கறதை எடுக்க விடமாட்டேங்கறே." இரண்டு நாள் பேசவில்லை. பேச ஆரம்பித்திருந்தவளிடம் நான் பேசாமல் இருந்தேன், எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரத்தனம் பாருங்கள். மூன்றாம் நாள் அவளே இறங்கி வந்தாள்.

"பத்து நிமிஷம். எடுத்த உடனே கயித்தை அவுத்துடணும். மறக்கப்படாது."

"மறக்கமாட்டேன்."

ஐந்தாறு நாள் சொன்னபடி நடந்தேன். காலையில் கட்டுவேன், ஒன்றிரண்டு படம் எடுப்பேன், அவிழ்த்துவிடுவேன். அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். கயிறு அவிழ்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உள்ளே போவாள்.

அந்த வாரத்தில் என் அப்பாவின் திதி வந்தது. முந்தின நாள் அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "நாளைக்கும் காக்காய்க்கு மாடியிலேயே வெச்சுடுங்கோ."

"சரி," என்றேன்.

திதியன்று காலை நேரமே எழுந்து கிளையைக் கட்டினேன். அவள் குளித்துவிட்டு மடிப்புடவை கட்டி அடுப்படிக்குள் போயிருந்தாள். திதிச் சமையலில் இறங்கிவிட்டால் முடியும்வரை வெளியே வர முடியாது, எதையும் தொடவும் கூடாது. எனவே அன்று கயிற்றைப் பார்க்க ஆள் இல்லை. சில படங்கள் எடுத்தேன். ரோலில் இன்னும் இரண்டு பாக்கி இருந்தது. மூன்று மணிக்கு வெயில் நேராகக் கூட்டின் வாசலில் விழும் என்று எனக்குத் தெரியும். வாசலில், திதி செய்துவைக்க வந்த வாத்தியாரின் குரல் கேட்டது. கயிற்றை நான் மறக்கவில்லை. இதை எழுதியே ஆகவேண்டும். கயிற்றைப் பார்த்தேன், மறுபடி எதற்கு அவிழ்த்துக் கட்டுவது, மூன்று மணிக்குத்தான் வேண்டுமே என்று அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

மந்திரம், ஹோமம், பிராமணர்கள் சாப்பாடு எல்லாம் முடிந்து, காக்காய்க்கான பிண்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி பக்கம் திரும்பினேன். அம்மா குறுக்கே வந்தாள். "கொல்லை மதில்ல வைடா. வருஷா வருஷம் அங்கதானே வெப்போம். உங்கப்பாவுக்கு அந்த இடம்தான் பழக்கம்."

வாத்தியாரும் தலையை ஆட்டினார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா செத்து நாலு வருஷம், அம்மாவின் கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. வாயை மூடிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். மதிலில் வைத்தேன். ஒரு மாதமாக மாடிக்குப் பழகிய காக்காய்கள் வரவில்லை. அம்மா கைகூப்பிக்கொண்டு நின்றாள். "கோச்சுண்டுட்டாரோ," என்றாள். அவள் தவிப்பைப் பார்க்க முடியவில்லை. நானே கையைத் தட்டி, கா கா என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஒன்று வந்தது. பின்னாலேயே நாலு. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது நான் நின்ற இடத்திலிருந்து அந்தக் கயிறு இரண்டு எட்டு. கூடு வெயிலில் பளிச்சென்று தொங்கிக்கொண்டிருந்தது. ஈர வேஷ்டியில் மடியாக இருக்கிறேன், எல்லாரும் தொட்டுப் புழங்கிய கயிற்றை இப்போது தொடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தவளிடம் சொல்லி யாரையாவது அவிழ்க்கச் சொல்லலாம், ஆனால் காலையிலிருந்து அவிழ்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். உள்ளே போய் இலையில் உட்கார்ந்து வடை, அதிரசம் எல்லாம் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு வாத்தியார் போய்விட்டார். அம்மா அசந்து படுத்துவிட்டாள். என் மனைவி கடைசியாகச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரங்களை ஒழித்துக்கொண்டிருந்தாள். நான் குளியலறைக்குள் போய் கேமராவின் மூடியைத் திறந்து குனிந்தேன். அபாரமான வெளிச்சம். தாய்ச்சிட்டு வந்து ஊட்டிவிட்டுப் போனது, நான் விரலை வைப்பதற்குள் பறந்துவிட்டது. அடுத்த தடவைக்காகக் காத்திருந்தேன். கண்ணாடியில் பெரிதாக ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது.

காக்காய். கட்டி வைத்த கிளையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கூட்டைப் பார்த்தது. பிறகு கூட்டைக் காலால் பிடித்து ஒரு கிழி கிழித்தது. தாய்ச்சிட்டு கத்திக்கொண்டு வந்து அதன் தலையில் மோதியது. கட்டைவிரல் அளவுப் பறவை, அவ்வளவு பெரிய காக்காயின் கண்ணுக்கு நேராகப் போய் மோதியது. நாலடி தூரத்தில் நான் இருந்தேன். கோணியை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். இருமியிருந்தால் கூடப் போதும். எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? இந்த மாதிரி ஒரு படம் யாரிடமும் இருக்காது என்று தோன்றியது. அமுக்கினேன்.

சிட்டு கத்துவது கேட்டு அவள் சமையலறையிலிருந்து வரும் காலடிச் சத்தம் கேட்டது. அவள் நின்ற இடத்திலிருந்து மாதுளை தெரியாது, குளியலறைச் சுவர் மறைக்கும். தகரக் கதவுக்கு வெளியே என் கையை நீட்டி, உள்ளங்கையைக் காட்டினேன். நில், அசையாதே என்று. நின்றாள். நான் மறுகையால் ரோலைச் சுற்றினேன். காக்காய் தலையைத் தூக்கியது, அலகில் குஞ்சு. மறுபடி அமுக்கினேன். ரோல் முடிந்தது.

"எடுத்தாச்சா?" என்று மெல்லக் கேட்டாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். கையில் பாத்திரத்துடன், சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தாள். தாய் ஊட்டுவதை நான் படம் எடுக்கிறேன் என்று நினைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அந்த நேரம் முழுவதும் எனக்காக அசையாமல் நின்றிருக்கிறாள்.

பிறகுதான் சுவரைச் சுற்றி வந்தாள்.

ஒரு குஞ்சைக் காக்காய் கொண்டுபோய்விட்டது. இன்னொன்று துவைக்கிற கல்லில் விழுந்து கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தாள். விளக்கு வைக்கும் நேரம்வரை அதற்கு உயிர் இருந்தது. அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. எழுந்து போய்க் கட்டியிருந்த கயிற்றை அவளே அவிழ்த்தாள். கிளை பழைய இடத்துக்கு வந்து நின்றது. அப்போதுதான் மதில்மேல் சிதறியிருந்த எள்ளுச் சோற்றைப் பார்த்தாள்.

"மாடியில வைக்கலையா?"

"அம்மா சொன்னா," என்றேன்.

தாய்ச்சிட்டு இரண்டு நாள் வாயில் பூச்சியைக் கவ்விக்கொண்டு அந்தக் கிழிந்த கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதைப் பார்க்காமலிருக்க நான் கொல்லைக் கதவைச் சாத்தினேன். அவள் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். மூன்றாம் நாள் அதுவும் வரவில்லை.

அன்று சமையல் ஆனதும் அவள் காக்காய்க்குச் சாதம் எடுத்து வைக்கவில்லை. அம்மா நினைவுபடுத்தினாள். "நான் வெக்கமாட்டேன்மா," என்றாள். அம்மாவுக்கு அதிர்ச்சி. "பித்ருக்கள் பட்டினி கிடந்தா குடும்பத்துக்கு ஆகுமாடி?" என்று ஆரம்பித்து, ஏற்கெனவே ஒன்று போனது போதாதா என்கிறவரை போய்விட்டாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன்? "வெச்சுட்டுத்தான் போயேன். ஒரு பிடி சாதந்தானே" என்றேன். அவள் ஒரு பிடி எடுத்து என் இலையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லித் தியாகராய நகருக்குப் போய்விட்டாள்.

ரோலைக் கழுவக் கொடுத்திருந்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம், கிணற்றில் போட்டிருக்கலாம். ஆவல் விடவில்லை. ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். "சார், இன்னா சார் இது. இந்த மாரி நான் பாத்ததே இல்ல சார். குஞ்சோட கண்ணு கூடத் தெர்து சார்." அந்தக் கடைசிப் படத்தைத் தன் செலவில் பெரிதாக்கி வைத்திருந்தார். கடை முகப்பில் கண்ணாடிக்குள் கல்யாணப் படங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சில மாதம் முன்னால் என் கொக்கை அழுக்கு என்றவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன். சனி ஞாயிறு இரண்டு தடவை அந்தப் பக்கமாகப் போய் யாராவது நின்று பார்க்கிறார்களா என்று கூடப் பார்த்தேன். அதற்குப் பிறகு நிறையப் பறவைகளை எடுத்திருக்கிறேன், கூடு இருக்கும் பக்கம் மட்டும் போவதில்லை. அதைப் பெரிய நியாயமாகச் சொல்லிக்கொள்ளவும் எனக்கு வாய் இல்லை.

ஒரு மாதம் ஆயிற்று. அவள் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துவரலாம் என்று போனேன். பாண்டி பஜாரில் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டேன். உள்ளே நுழைந்ததும் கூடத்தில், சுவரோரமாக, அவள் தகரப் பெட்டி பூட்டித் தயாராக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. அவள் அப்பா என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் காபிக்குச் சொல்ல உள்ளே போனார். அவள் வந்து எதிரே தூணில் சாய்ந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள்.

"கேளு."

"அன்னிக்குக் கையைக் காட்டி என்னை நிறுத்தினேளே. அப்போ அங்க காக்காய் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அவ்வளவு நிதானமாக, அவ்வளவு பயந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டதில்லை. பெட்டியைப் பார்த்தேன். கிளம்பத் தயாராக இருக்கிறாள், இதைச் சொல்லிக் கெடுத்துக்கொள்வானேன் என்று நினைத்தேன்.

"தெரியாது," என்றேன். "தாய்க்குருவின்னு நெனைச்சேன். அந்தக் கண்ணாடியில குனிஞ்சு பார்த்தா ஒண்ணும் சரியாத் தெரியாது. கையை விலக்கினப்புறந்தான் தெரிஞ்சுது."

அவள் தலையை ஆட்டினாள்.

"வெள்ளிக்கிழமை ஆத்துக்கு வரலாம்னு இந்தப் பெட்டியை எடுத்துண்டு கிளம்பினேன்," என்றாள். "மண்டைவெளியில பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தேன். ஸ்டூடியோ வாசல்ல மாட்டியிருந்தது. காக்காய், அலகுல குஞ்சு, எல்லாம் நன்னாத் தெளிவா விழுந்திருக்கு. கடைக்காரர்கிட்ட இது ஒண்ணுதானான்னு கேட்டேன். ரெண்டுன்னு சொல்லி, காக்காய் கூட்டைக் கிழிக்கிற இன்னொண்ணையும் காமிச்சார். அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்துட்டேன்."

நான் கையிலிருந்த பூவைப் பார்த்தேன்.

"பெட்டியைப் பிரிக்கலை," என்றாள். "நீங்க வருவேள்னு தெரியும். வந்தா கேட்டுக்கலாம்னு இருந்தேன். ஆமா, தெரிஞ்சுதான் எடுத்தேன், புத்தி கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தேள்னா இப்பவே உங்களோட வந்திருப்பேன்."

குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். கனமாக இருந்திருக்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். நான் எழுந்து வாங்கப் போனேன். உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு உள்ளறைக்குப் போனாள். தாழ்ப்பாளைத் திறந்து, புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைக்கும் சத்தம் கூடத்துக்குக் கேட்டது. அவள் அப்பா காபி டம்ளரோடு வந்தார். "ஆறிடப்போறது மாப்பிள்ளை, சாப்பிடுங்கோ," என்றார். பூவைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் அதைக் குடித்து முடித்தேன்.